சுடாத மண்ணில் ஒரு ரேகை

கட்டைவிரலை நாற்பது நிமிஷம் அசைக்கக்கூடாது. அழுத்தவும் கூடாது, சும்மா வைத்திருக்கவும் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்க்கத் தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் வைத்த கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டுவைப்பது மாதிரி என்று தமயந்தி பல தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள், அவளுக்குப் பிள்ளை இல்லை என்றாலும். விரலுக்குக் கீழே மெல்லிய தாள், தாளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு மண் சில்லு, சில்லுக்குக் கீழே கடற்பாசியும் தோலும் காய்ச்சிய பசை, அதற்கும் கீழே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வருஷமாக மண்டியிட்டிருக்கிற ஒருவரின் வலது அங்கிக் கை. போன வாரம் அந்தக் கையின் ஓரத்திலிருந்து சில்லு பெயர்ந்தது. மற்ற சிலையென்றால் பட்டை போட்டுக் கட்டலாம், இடுக்கி வைக்கலாம். இது சுடாத மண். உள்ளே ஒரு மரக்கட்டை, அதைச் சுற்றி வைக்கோல், வைக்கோல்மேல் உமி கலந்த மண், அதன்மேல் நாரும் மினுமினுக்கிற அப்பிரகத் தூளும் கலந்த நைசான மண், அவ்வளவுதான். தீயையே காணாதது. இடுக்கி வைத்தால் இடுக்கி வைத்த இடம் பொடியாகிவிடும். மனுஷ விரல் ஒன்றுதான் தாங்கும். மணி பத்து இருபது. பதினோரு மணிக்குக் கவாசே வருவார். சிலையின் நிலை அறிக்கையைக் கொண்டுவருவார். அதன் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: இடது அங்கிக் கையின் உட்புறம், கட்டைவிரல் பதிவு ஒன்று, எட்டாம் நூற்றாண்டு, செய்தவருடையது. அதற்குக் கீழே பழுதுபார்ப்பவர் என்ற கட்டத்தில் அவள் தன் முத்திரையைக் குத்த வேண்டும். அந்த வரி பொய். பொய் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்; அவள்தான் இப்போது விரலை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

விரல் நுனியில் நாடி துடிக்கிறது. எப்போதும் துடிப்பதுதான், மற்ற நாட்களில் தெரியாது. இன்று தாளுக்கு அடியில் சில்லு அதைக் கேட்கும் போலிருந்தது. பயப்படுகிறவளின் ரத்தம் வேறு மாதிரி தட்டுமோ, பசைக்குத் தெரியுமோ என்று ஒரு நினைப்பு வந்து, சீ, என்று தள்ளினால் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த மேஜையில் ஓகாவா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓகாவாவுக்கு ஐம்பத்தொன்பது வயது, இந்தப் பட்டறையில் முப்பது வருஷம், வாயில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய். அவள் பேசுவது ஜப்பானிய மொழிதான், ஆனால் தமயந்தியின் காதுக்குள் நுழையும்போது அது எப்படியோ மன்னார்குடி கடைத்தெருப் பேச்சாக மாறிவிடும். என்ன வைத்தி-சான், மூச்சு விடுறீங்களா இல்ல நீங்களும் மண்ணாயிட்டீங்களா, போன தடவை நீங்க இப்படி உட்கார்ந்திருந்தப்ப ஒரு சிலந்தி உங்க காதுலேர்ந்து விளக்குக்கு நூல் கட்டிடுச்சு, பாவம் கலைக்க வேணாம்னு விட்டுட்டேன். தமயந்தி உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தாள். வைத்தி. இந்த ஊரில் ஆளை முதல் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு சான். குடும்பப் பெயர் என்ன என்று வந்த அன்று கேட்டார்கள், அப்பா பெயரைச் சொன்னாள், வைத்தியலிங்கம், வாயில் நுழையாமல் பாதியில் ஒடித்துக்கொண்டார்கள். வைத்தி என்று அப்பாவைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான், அவருடைய அக்கா. இப்போது ஒரு ஊரே அவளை அப்படிக் கூப்பிடுகிறது. சிலைக்கும் பெயர் கிடையாது. செவி சாய்த்தவர் என்பார்கள். இரண்டடி உயரம். இடப்பக்கமாகத் தலை சற்றுத் திரும்பியிருக்கும், பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பது மாதிரி. கோயிலில் இவருக்குப் பக்கத்தில் பேசுகிற கோலத்தில் இருந்த பெரிய சிலை நானூறு வருஷத்துக்கு முன் ஒரு தீயில் போய்விட்டது. இவர் மட்டும் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். முதன்முதலில் பார்த்தபோது, சொன்னவர் போய்விட்டார் என்று இவரிடம் யாராவது சொல்லக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.

பத்து இருபத்தைந்துகூட ஆகவில்லை. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது. சுவரைப் பார்க்கலாம், ஈரப்பத முள்ளைப் பார்க்கலாம், ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் மண் இறுகும், அறுபத்தைந்துக்கு மேல் போனால் உள்ளே இருக்கிற வைக்கோல் விழித்துக்கொள்ளும். ஐம்பத்தாறு நல்ல எண். கவாசே பேசிய அந்த மண்டபத்திலும் முள் இருந்திருக்குமோ, இல்லை, அது பல்கலைக்கழகத்துச் சொற்பொழிவு மண்டபம், அங்கே மனிதர்கள்தான், மனிதர்களுக்கு முள் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர் மாதம். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஓகாவா. மேடையில் கவாசே, சிவந்த காதும் பெரிய சிரிப்புமாக, நாற்பது வயதுகூட நிரம்பாத பேராசிரியர். பல் வைத்தியர் கண்ணாடி மாதிரி ஒன்றை நீளக் கம்பியில் கட்டிச் சிலையின் கைமடிப்புக்குள் விட்டாராம், இதுவரை யாரும் பார்க்காத ஒரு மூலையில் என்ன கிடைத்தது என்று காட்டப் போகிறேன், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். விளக்கை அணைத்தார்கள். சுவர் அளவுக்கு ஒரு கட்டைவிரல். சுழி இடப்பக்கமாகச் சாய்ந்து, கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் வயல் வரப்பு மாதிரி வளைந்து போய், நடுவில் குறுக்கே ஒரு வெட்டு. மண்டபம் முழுக்க ஆவென்று ஒரு சத்தம். ஓகாவா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தமயந்திக்கு அந்த வெட்டு எந்த வருஷத்து வெட்டு என்று தெரியும். பதினாலு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிவாள்மனையில் சேனைக்கிழங்கு. அம்மா விரலில் மஞ்சளை அப்பிவிட்டு, கிழங்கை மட்டும் கழுவி எடுத்து உலையில் போட்டாள். தமயந்தி வலது கையை மெதுவாகக் கைப்பைக்குள் விட்டாள். இருட்டில் யாரும் பார்க்கவில்லை. பையின் அடியில் வீட்டுச் சாவி இருந்தது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொற்பொழிவு முடிகிறவரை விடவில்லை. முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். தட்டுவதற்குக் கையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம், மறுநாள் காலை சொல்லியிருக்கலாம், கட்டுரை அச்சாவதற்கு முன்னால் ஐந்து மாதம் இருந்தது, அந்த ஐந்து மாதத்தில் நூற்றைம்பது காலைகள். ஒவ்வொரு காலையும் பல் துலக்கும்போது இன்றைக்கு என்று நினைத்தாள், ஒவ்வொரு நாளும் பட்டறைக் கதவின் பிடி சில்லென்று கையில் பட்டதும் நாளைக்கு என்றாகிவிடும். கவாசே எழுதியது வெறும் விரல்ரேகைக் கட்டுரை இல்லை, அதுதான் சங்கடம். மண் காய்ந்தால் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு, அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டால் விரலின் உண்மையான அகலம் என்ன, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி என்ன என்று அளந்து, இது ஆண் விரல் இல்லை, வளர்ந்த பெண்ணின் விரல் என்று நிறுவியிருந்தார். அந்த வெட்டு வைக்கோல் நறுக்கும்போது பட்டது என்றார். அந்தக் காலத்துச் சிலைப் பட்டறைகளில் பெண்கள் இருந்ததாக எந்த ஏட்டிலும் எந்தக் கணக்கிலும் இல்லை, பெயர்ப் பட்டியலெல்லாம் ஆண்கள், ஆனால் மண் சொல்கிறது என்று எழுதியிருந்தார். மண் சொல்கிறது. அந்த இடத்தைத் தமயந்தி இரண்டு தடவை படித்தாள். பொய் என்று தெரிந்தும் அழுகை வந்தது. இருந்திருப்பாள்தானே. ஆயிரம் கூடை மண்ணை யார் சலித்திருப்பார்கள், வைக்கோலை யார் நனைத்திருப்பார்கள், பெண்கள் இல்லாமலா? செய்தித்தாளில் வந்தது. அப்புறம் அந்தக் கடிதம். வடக்கே பனி ஊரிலிருந்து சகாகி என்கிற எண்பத்தொரு வயது அம்மாள், சுவர் பூசுகிறவரின் மனைவி. கவாசே அதைப் பட்டறைக்கே கொண்டுவந்து இந்த மேஜையருகே நின்று உரக்கப் படித்தார். நாற்பத்திரண்டு வருஷம் என் வீட்டுக்காரருக்குச் சேறு மிதித்துக் கொடுத்தேன், எங்கள் ஊர்க் கோயில் சுவர் முழுக்க நான் மிதித்த சேறு, பூசியவர் பெயரைத்தான் சொல்வார்கள், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஆனாலும் என்னைப் போல ஒருத்தி அப்போதே இருந்தாள் என்று படித்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஓகாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாருங்க வைத்தி-சான், நம்ம சங்கத்துல ஒரு ஆள் கூடிட்டாங்க என்றாள். நன்றாகத் தூங்கினேன். அந்த வார்த்தை ராத்திரியெல்லாம் தமயந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. இப்போது போய் அந்த அம்மாளை எழுப்ப வேண்டும்.

எழுப்ப வேண்டுமா? எதற்கு? யாருக்கு என்ன நஷ்டம்? இல்லாத ஒருத்தியை இருந்தாள் என்று நாலு பேர் நம்பினால் மண்ணுக்கு வலிக்கிறதா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கும், செக்கு மாடு மாதிரி திரும்பி, ஆரம்பித்த இடத்துக்கே வரும். ஆரம்பித்த இடம் மொரிகுச்சி சென்செய், அதாவது வாத்தியார். அவர்தான் அப்போது பட்டறைக்குத் தலைவர், இறந்து பதினோரு வருஷமாகிறது. அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சிலைக்குள்ளிருந்து உதிர்கிற தூளைக் கொட்டக்கூடாது. பீடத்தின் இடுக்கு, பெட்டியின் அடி, அங்கியின் மடிப்பு என்று எங்கே கிடந்தாலும் மெல்லிய தூரிகையால் கூட்டியெடுத்து, சிலைக்கு ஒன்றாகக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூட வேண்டும். மறைவான இடத்தில் விரிசல் கண்டால் அந்தத் தூளையே நனைத்துக் குழைத்து அடைக்க வேண்டும். அவர் மண் அவருக்கே என்பார். ஆனால் அடைத்த இடம் பழைய பரப்பைவிட ஒரு மயிரிழை பள்ளமாக இருக்க வேண்டும், மூங்கில் சீவலால் அதன்மேல் குறுக்குக் கோடு இழுக்க வேண்டும், வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தை நிழலிட வேண்டும். மூன்றையும் செய்தால் பழுதுபார்ப்பு, ஒன்று குறைந்தாலும் புரட்டு. சிலையின் தூளையே வைத்து அடைத்ததால்தான் கவாசேயின் சோதனைகள் எதுவும் தப்பாகப் போகவில்லை. மண்ணைச் சோதித்தார், எட்டாம் நூற்றாண்டு. அதிலிருந்த வைக்கோல் துணுக்கைச் சோதித்தார், எட்டாம் நூற்றாண்டு. மண் பழசுதான். விரல்தான் புதுசு. இடது கைமடிப்புக்குள்ளே ஒரு விரிசல், அவளுக்குக் கொடுத்த வேலை, ஜாடித் தூளை இழைத்து உள்ளே வைத்துக் கட்டைவிரலால் ஒருதரம் அமர்த்தினாள். அமர்த்தினால்தான் பிடிக்கும். அப்புறம்தான் சீவல், அப்புறம்தான் கோடு, அப்புறம்தான் சிவப்புப் பென்சில். அதற்குள் டெலிபோன் அடித்தது. ஊரிலிருந்து தம்பி. அப்பா போயிட்டாருக்கா, காலைல காபி குடிச்சிட்டு உட்கார்ந்தவர். போட்டது போட்டபடி கிளம்பினாள். மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இருபது நாள் கழித்துத் திரும்பியபோது சிலையைப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சென்செய் கையெழுத்துப் போட்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. டெலிபோன் அடித்ததால். யாருக்கும் நடக்கக்கூடியது. இருபத்தாறு வருஷமாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது இதுதான். கவாசேயிடம் சொல்வதானால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வார்த்தையெல்லாம்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

விரல் மரத்துக்கொண்டு வருகிறது. நல்லது. மரத்தால் அசையாது. பத்து நாற்பது இருக்கும். ஓகாவா ஆரஞ்சு உரிக்கிறாள், பட்டறைக்குள் தின்னக்கூடாது, ஆனால் கதவுக்கு அந்தப்புறம் நின்று தின்றால் சட்டத்தில் இடமுண்டு என்பது அவள் கட்சி. தோலின் வாசனை காற்றில் வந்தது. குளிர்காலத்துச் சின்ன ஆரஞ்சு, தோல் தொளதொளவென்று இருக்கும், நகம் பட்டால் ஒரு பொடித் தூறல். ரிசீவர். அந்த டெலிபோன் ரிசீவரிலும் இந்த வாசனை இருந்தது. தம்பி பேசிக்கொண்டேயிருக்கிறான், அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறாள், விரலெல்லாம் ஆரஞ்சுத் தோல் வாசனை, காபி குடிச்சிட்டு உட்கார்ந்தவர் என்கிறான், இவள் அந்த வாசனையை முகர்ந்துகொண்டு நிற்கிறாள், இப்போதா இதை முகர்வது என்று தன்மேலேயே கோபம் வருகிறது. ரிசீவர் வெள்ளை. அதைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாளே, எவ்வளவு நேரம், ஒரு கறை இல்லாத வெள்ளை. சேற்று விரலால் எடுத்திருந்தால் ஒரு தடம் பதிந்திருக்காதா? இடைவேளையில் இருந்திருக்கிறாள். கை கழுவி, துடைத்து, பழம் உரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இதை நினைக்காதே. அந்தப் பக்கம் போகாதே. சுவரைப் பார், முள்ளைப் பார், ஐம்பத்தாறு. கை கழுவியிருந்தால் வேலை முடிந்திருக்கிறது. வேலை முடிந்திருந்தால் சீவல் எங்கே, கோடு எங்கே, சிவப்புப் பென்சில் எங்கே? மனசு ஒரு நொடி அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷமாக எந்தப் பலகையின்மேல் நின்றுகொண்டிருந்தாளோ அதன் அடியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. டெலிபோன் வேறொரு நாள். நாலு நாள் கழித்து. வெள்ளிக்கிழமை. விரிசலை அடைத்தது திங்கட்கிழமை, திங்கட்கிழமை பனி பெய்தது, மத்தியானம் தபாலில் அச்சடித்த ஆண்டறிக்கை வந்தது, சென்செய் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். செவி சாய்த்தவரைப் பழுதுபார்த்தோர் என்று நாலு பெயர், நாலுக்கும் கீழே, மேலும் ஒருவர். வைத்தியலிங்கம் தமயந்தி கட்டத்துக்குள் அடங்கவில்லை, அச்சகத்தில் அப்படிப் போட்டுவிட்டார்கள், அடுத்த வருஷம் சரிசெய்யலாம் என்றார் சென்செய், உண்மையாகவே வருத்தப்பட்டார், பிறகு சிரித்துக்கொண்டு, நல்ல பழுதுபார்ப்பவர் வந்துபோனதே தெரியக்கூடாது இல்லையா, நீங்கள்தான் எங்களில் சிறந்தவர் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு விளக்கடிக்குப் போய் உட்கார்ந்து, அடைத்த மண் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அமர்த்தியதை முன்னமே சீவலால் தடவிச் சமன் செய்தாகிவிட்டது. கோடு இழுப்பதுதான் பாக்கி. கோடு இழுக்கவில்லை. தூளில் இன்னும் கொஞ்சம் குழைத்துப் பள்ளத்தை மேவினாள், பழைய பரப்போடு பரப்பாக. திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. கட்டைவிரலை வைத்து, முழு ரேகையும் விழும்படி, இடமிருந்து வலமாக ஒருதரம் உருட்டினாள். பத்திரப் பதிவு ஆபீசில் உருட்டுவார்களே, அந்த மாதிரி.

ஆக, அதுதான் நடந்தது. சொல்லிப் பார்த்தால் ஒரு வாக்கியம்தான். என்ன ஆச்சரியம் என்றால் பயம் குறையவில்லை, இடம் மாறியது. இதுவரை கவாசேயின் முகத்தை நினைத்துப் பயந்தாள், பட்டறையின் பெயரை நினைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுச் செத்துப்போன சென்செயை நினைத்து. இப்போது அந்த முப்பத்திரண்டு வயதுக்காரியை நினைத்துப் பயமாக இருந்தது. பனி பெய்கிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் இல்லாமல், ஒரு விரலை உருட்டுகிறவள். அவளைத் திட்டலாம் என்று பார்த்தால் திட்ட வரவில்லை. அவளைத் தடவிக்கொடுக்கலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை, தடவிக்கொடுத்தால் மறுபடியும் ஒரு டெலிபோனைக் கண்டுபிடித்துவிடுவாள். சும்மா இருந்துவிடு என்று ஒரு குரல். ஐம்பத்தெட்டு வயதாகிறது, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். முத்திரையைக் குத்து. சிலை டோக்கியோவில் நடக்கிற கண்காட்சிக்குப் போகும், கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பார்கள், ரேகையை அச்செடுத்துத் தனியாக வைக்கப்போகிறார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாம் தங்கள் விரலை அதில் வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட காரியம் ஒன்றும் இல்லையே. இருந்தாலும் அவள் படித்தது வேதியியல், வேலை செய்தது வாழ்நாள் முழுக்க ஒரே காரியத்துக்கு: இது பழசு, இது புதுசு என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி ஒரு கோடு. ஆயிரம் கோடுகள் இழுத்திருக்கிறாள். ஒன்று இழுக்கவில்லை. அந்த ஒன்றின் வழியாக மற்ற ஆயிரமும் ஒழுகிப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னொன்றும் தோன்றியது, இது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தோன்றியது. பெயரில்லாமல் வைக்கோல் நனைத்த ஒருத்தி உண்மையாகவே அந்தக் காலத்தில் இருந்திருந்தால், அவளுடைய இடத்தில் இப்போது தன் விரல் உட்கார்ந்திருக்கிறது. என்றைக்காவது வேறொரு மடிப்பில் அவள் விரல் அகப்பட்டால், கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டு, இது பெண் விரல் இல்லை, பெண் விரல் இப்படியல்லவா இருக்கும் என்று தமயந்தியின் விரலைக் காட்டி அவளைத் தள்ளிவிடுவார்கள்.

கதவு திறந்தது, குளிர் முதலில் வந்தது, பின்னால் கவாசே. காது சிவந்து, ஒரு கையில் பை, ஒரு கையில் இனிப்புப் பெட்டி. அரிசி மாவுக்குள் அவரை விழுது வைத்த உருண்டைகள், கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஓகாவா பெட்டியை வாங்கிக்கொண்டு, பேராசிரியர்கள் இனிப்போடு வந்தால் ஏதோ வேலை ஆகணும்னு அர்த்தம் என்றாள். ஒரே ஒரு முத்திரைதான், அதுக்கே பன்னிரண்டு உருண்டை, இதுல யாருக்கு லாபம்னு நீங்களே சொல்லுங்க என்றார் அவர். தமயந்தி இன்னும் நாலு நிமிஷம் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் பவ்யமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு செய்தி சொன்னார். திறப்பு விழாவுக்குச் சகாகி அம்மாள் வருகிறாராம். இந்த வயதில் தனியாக ரயிலேறி. அச்செடுத்த ரேகையில் என் விரலை ஒரு தடவை வைக்கலாமா, கை சுத்தமாகக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறாராம். முதல் ஆளாக நீங்கள்தான் வைக்கப்போகிறீர்கள் என்று பதில் எழுதிவிட்டேன் என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக. நாலு நிமிஷம் முடிந்தது. விரலை எடுத்தாள், தாளின் ஓரத்தை ஈரத் தூரிகையால் தொட்டு, சுருட்டி, உரித்தாள். சில்லு நின்றது. அங்கியின் பழைய பச்சை வண்ணம் ஓரத்தோடு ஓரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. தேடிப் பார்க்கிற கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு மயிரிழைக் கோடு. மரத்த விரலை மற்றக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே எழுந்து அவர் பக்கம் வந்தாள்.

கவாசே அறிக்கையைப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்து வைத்தார். வலப்பக்கம் அந்த ரேகையின் படம், உள்ளங்கை அகலத்துக்கு. இடப்பக்கம் அந்த வரி. கீழே காலிக் கட்டம். பையிலிருந்து சிவப்பு மைக்குழைவின் சின்ன வட்டப் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து அவள் முன்னால் தள்ளினார். முத்திரை மேஜை இழுப்பறையில் இருந்தது, இரண்டு எட்டு. தமயந்தி இழுப்பறைக்குப் போகவில்லை. கட்டைவிரலைக் குழைவில் வைத்தாள், இன்னும் முழு உணர்ச்சி திரும்பாத விரலுக்கு அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது, எடுத்துக் கட்டத்துக்குள் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக உருட்டினாள். கவாசே சிரித்தார். முத்திரையைத் தொலைச்சிட்டீங்களா, பரவாயில்ல, விரலும் சட்டப்படி செல்லும், எங்க தாத்தா நிலம் வித்ததெல்லாம் விரல்லதான் என்றார்.

"படத்தையும் இதையும் சேர்த்துப் பாருங்க, கவாசே-சென்செய்."

அவர் சிரித்தபடியே குனிந்தார். ஒரு விலாசத்தைச் சரிபார்க்கிறவர் மாதிரி இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். மறுபடி இங்கே. சுழி சாய்ந்திருந்தது. சிவப்பில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுத்து வைக்க மறந்த சாமான் மாதிரி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஓகாவாவின் கை தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றுவிட்டது. அவர் உருப்பெருக்கியைக் கேட்கவில்லை, தானே எழுந்து எடுத்துவந்து, பார்த்து, கீழே வைத்தார். பேசியபோது குரல் அன்பாக இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தத் தடவை பழுது பார்த்தப்பவா? ஈரமா இருந்திருக்கும். கை பட்டிருக்கும். கவனிக்காம விட்டிருப்பீங்க. யாருக்கும் நடக்கறதுதான், வைத்தி-சான். தவறிப் பட்டதுதானே?"

அவள் தப்பித்துப் போகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலையை ஆட்டினால் போதும். டெலிபோன், தம்பி, மூன்று விமானம் எல்லாம் வரிசையாக வாசலில் வந்து நின்றன, கூப்பிட்டால் வரத் தயாராக. பழுதுபார்ப்பவருக்குத் தகப்பனார் இறந்த துக்கம், வேலை பாதியில் நின்றது என்று ஒரு அடிக்குறிப்புப் போடுவார்கள், எல்லாரும் பரிதாபப்படுவார்கள், சகாகி அம்மாள்கூட மன்னித்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல," என்றாள் தமயந்தி. "பட்டதில்ல. அழுத்தினேன். யாராவது என்னைக்காவது பார்க்கணும்னு அழுத்தினேன்."

ஓகாவா தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். துடைக்கவில்லை. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கவாசே, சகாகி அம்மாளுக்கு என்ன பதில் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தமயந்தி, நானே போய்ச் சொல்றேன், கடிதாசில சொல்லக்கூடாது, அவங்க ஊர்லயே போய்ச் சொல்றேன் என்றாள். அவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். கோபம் பின்னால் வரும், வரட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. இப்போது அவர் தன் கையால் எழுதிய அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் அறிக்கையில் எழுதியது தப்பாகிவிட்டால் சுரண்டுவதில்லை, கிறுக்கி மறைப்பதும் இல்லை. முதலில் எழுதியது என்ன என்று அடியில் தெரியும்படி, அதன்மேல் நேராக இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் முத்திரை வைப்பார்கள். கவாசே பேனாவின் மூடியைக் கழற்றினார். மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஓகாவா-சான்," என்றார். "ஒரு ஸ்கேல் குடுங்க."